நெடுந்தீவுக்கு ஒருநாள்: பிள்ளைகளோடு படகேறுகிறவர்களுக்கு

நெடுந்தீவுப் பயணத்தைத் திரும்பி வரும் படகிலிருந்து திட்டமிடத் தொடங்குங்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை மணிப் படகில் திரும்பப் போகிறீர்கள்?" என்று. அந்த ஒரு பதில் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக வரிசைக்கு வரும். தீவின் காட்டுக் குதிரைகளை எப்போது பார்ப்பது, சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்வது, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்த விஷயங்கள்.

காரணம் எளியது. யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளில் ஆட்கள் குடியிருப்பவற்றுள் மிகத் தொலைவில் கிடப்பது நெடுந்தீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலுக்கு நடுவால் வீதியாகத் தாம்போதி போட்டாயிற்று, காரிலேயே போகலாம். நயினாதீவுக்குப் படகு அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு அப்படி இல்லை. புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்த கடலில் போக வேண்டும். ஒருநாளில் ஓடும் படகுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிற்பகல் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

தீவின் பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்த்து முடிக்கக்கூடிய இடம் அல்ல. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றைக்கும் நிலைத்து நிற்கிறது. வரைபடத்தில் தேடும்போது அந்தப் பெயரில்தான் வரும், குழம்ப வேண்டாம்.

எந்த மாதம் நல்லது

கடலையும் புல்லையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் படகே ஓடாமல் நிற்கலாம், சின்னப் பிள்ளைகளோடு போகவே வேண்டாம். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று. படகு ஓடும், ஆனால் அலை தூக்கிப் போடும். அதோடு வெயிலில் தரவை என்னும் புல்வெளி முழுக்கக் காய்ந்து, குதிரைகள் தண்ணீருக்கு அலையும் காலமும் அதுதான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது தையின் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும் நாட்களையும், ஆனி மாதத்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். குறிகட்டுவானில் கால் வைக்க இடம் இருக்காது. நீண்ட வார இறுதி விடுமுறையும் அப்படித்தான். முடிந்தால் வார நாள் ஒன்றில் போங்கள்.

முதல்நாள் செய்ய வேண்டியவை

படகு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்று படகுகளின் பெயர்கள் காதில் விழும். தனியார் படகுகளும் உண்டு. எது எந்த நாளில் ஓடுகிறது, எது பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்பது இணையத்தில் இருக்கும் பழைய அட்டவணைகளுக்குத் தெரியாது. முதல்நாள் மாலையே, தங்கும் இடத்துக்காரர் மூலமோ தெரிந்த தீவுக்காரர் மூலமோ இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: நாளைக் காலை முதல் படகு எத்தனை மணிக்கு? பிற்பகலில் நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு? இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வடக்குக் கடற்பரப்பில் காற்று பலம் என்றால் பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். குதிரைகள் எங்கும் போய்விடாது.

சரி, பையில் என்ன வைப்பது? முதலாவது தண்ணீர். ஆளுக்கு இரண்டு லீற்றர் என்று கணக்குப் போடுங்கள், பிள்ளைகளுக்கும் அதே கணக்கு. நெடுந்தீவு முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறையின், மேல் கிடக்கும் தீவு. மண் ஒரு மெல்லிய போர்வை மாதிரித்தான். பல கிணறுகளில் தண்ணீர் உவர், நல்ல தண்ணீர் அந்தச் சனங்களுக்கே அருமை. கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனால்தான் கேட்கிற நிலைமையை நாம் உண்டாக்கக் கூடாது.

அடுத்தது உயிர்காப்பு அங்கி. படகில் அங்கி தருவார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் அளவில் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். பெரிய அங்கியைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலாகக் கழன்றுவிடும். கையில் சின்ன அங்கி இருந்தால் கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்கிவிடலாம்.

மற்றவை: தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை, துவாய், பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு ஒன்று, பின்பட்டி வைத்த செருப்பு. கரையில் கிடக்கும் முருகைக்கல் கூரானது, சாதாரணச் செருப்பு அதில் நழுவும். போனையும் காசையும் போட்டு வைக்க ஒரு பொலித்தீன் பை. காசைத் தாளாகவே கொண்டு போங்கள், அட்டை அங்கே உதவாது. பெரியவர்கள் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் வைத்திருக்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு மட்டும் எடுக்காதீர்கள். தீவில் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. ஆனாலும் உங்கள் மருந்து அங்கே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

குறிகட்டுவான் வரை

யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் 30 கிலோமீற்றருக்கு மேல். 776 இலக்க பஸ் போகும். அது நின்று நின்று போவதால் ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் வான் பிடிப்பது நல்லது. முதல் படகைப் பிடிக்க விடிகிறபோதே வெளிக்கிட வேண்டியிருக்கும்.

பாதையை அவசரத்தில் வீணாக்காதீர்கள். பண்ணைப் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் கடல், நடுவே ஊன்றிய தடிகளில் மீன்பிடிக் கூடுகள். வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் நீண்ட தாம்போதியில், காலைநேரத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். வலசை வரும் மாதங்களில் நாரைக் கூட்டத்தைப் பிள்ளைகள் வானிலிருந்தே பார்ப்பார்கள். புங்குடுதீவுக்குள் பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் பார்ப்பீர்கள். அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். இதை வாசிக்கும் சிலருக்கே அது சொந்த ஊராக இருக்கும்.

காலைச் சாப்பாட்டைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். இடியப்பமோ பாணோ அளவாகச் சாப்பிடலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், பாலும் வேண்டாம். வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறுதான், வெறும் வயிறு இன்னும் மோசமாகப் பிரட்டும்.

துறையில்

குறிகட்டுவானில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. துறையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி நயினாதீவுக்குப் போகும் கூட்டம். அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் போகிறவர்கள் அவர்கள். கூட்டம் போகும் பக்கம் நாமும் போய், நயினாதீவுப் படகில் ஏறிவிடுவோம். என் மைத்துனர் குடும்பம் ஒருமுறை அப்படி ஏறி, இறங்கின பிறகுதான் கண்டுபிடித்தது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள், நெடுந்தீவு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. ஏறுவதற்கு முன் படகில் நிற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணை, இது நெடுந்தீவுப் படகோ?"

வரிசை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படகு சுற்றுலாவுக்காக ஓடுவதில்லை. தீவில் படிப்பிக்கும் ஆசிரியர்கள், தாதிமார், பிரதேச செயலகத்துக்குப் போகும் உத்தியோகத்தர்கள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்பும் நோயாளர்கள், கடைக்குச் சாமான் ஏற்றும் முதலாளிமார் எல்லாருக்கும் இதுதான் பாதை. இந்தப் படகில் இடம் கிடைக்காவிட்டால் நமக்கு ஒரு சுற்றுலா போகும், அவர்களுக்கு ஒருநாள் சம்பளமோ வைத்தியமோ போகும். அவர்கள் முதலில் ஏறட்டும். நான் பார்த்தவரை, இப்படி ஒதுங்கி நிற்கும் குடும்பத்துக்கு அவர்களே கூப்பிட்டு இடம் தருவார்கள்.

படகேறும் முன்பே பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ஏறும்போது பெரியவர் ஒருவர் முதலில் உள்ளே இறங்கிக் கையை நீட்ட வேண்டும், மற்றவர் கரையில் நின்று பிள்ளையைக் கொடுக்க வேண்டும். படகு அலையில் உயர்ந்து தாழும். உயர்ந்து துறையின் மட்டத்துக்கு வரும் அந்த நொடியில்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாண்டாதீர்கள். கையில் பையும் வேண்டாம், பையைப் பிறகு யாரும் எடுத்துத் தருவார்கள்.

கடலில் ஒரு மணி நேரம்

முதல் தடவை போனபோது, வெயில் படாமல் இருக்கட்டும் என்று என் இளைய மகளைப் படகின் உள்ளே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருத்தினேன். எதிரே இருந்த அம்மா ஒருவர், மடியில் மரக்கறிப் பை, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையை உள்ளுக்கை இருத்தாதேங்கோ தம்பி, டீசல் மணத்துக்குச் சத்தி வரும். பின்னாலை, காத்துப் படுற இடத்திலை இருத்துங்கோ. தூரத்திலை தெரியிற கரையைப் பாக்கச் சொல்லுங்கோ." சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை சத்தி எடுத்துவிட்டாள். அந்த அம்மாவே தன் தண்ணீரால் அவள் முகத்தைக் கழுவி, பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தார்.

அதற்குப் பிறகு நான் மறக்காமல் செய்வது இவ்வளவுதான். படகின் நடுவிலோ பின்பாகத்திலோ, காற்றுப்படும் இடத்தில் இருப்பது. முன்பக்கம் வேண்டாம், அங்கேதான் தூக்கிப் போடும், உப்புத் தண்ணீரும் அடிக்கும். பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காமல் தூரத்துக் கரையைக் காட்டுவது. சட்டைப் பைக்குள் இரண்டு தேசிக்காய், ஒரு துண்டு இஞ்சி. பயண மாத்திரை பழக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு, படகேறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். தலை சுற்றின பிறகு போட்டுப் பயனில்லை.

புறப்பட்டதும் வலப்பக்கம் நயினாதீவுக் கோயில் கோபுரம் கொஞ்ச நேரம் கூடவே வரும். பிறகு அது பின்னால் போய்விடும், கடலின் நிறம் மாறும். கரையோரத்துப் பச்சை கடும் நீலமாகி, ஆட்டம் கூடும் இடம் அது. பயப்பட ஒன்றுமில்லை, தீவுச் சனங்கள் அந்த இடத்தில் நித்திரை கொள்வதைப் பாருங்கள். அப்புறம் முன்னால் ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டில் முதலில் அடையாளம் காண்பது பனைமரங்களை.

மாவிலித்துறை

நெடுந்தீவில் இறங்கும் துறைக்கு மாவிலித்துறை என்று பெயர். இறங்கியவுடன் ஓட்டோக்காரர்கள் வருவார்கள். அவசரப்படாமல் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: நீங்கள் திரும்பப் போகும் படகின் நேரத்தைப் படகுக்காரரிடமே மறுபடி உறுதிசெய்யுங்கள். முதல்நாள் கேட்ட நேரம் காலையில் மாறியிருக்கலாம்.

துறைக்கு அருகில் ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில், குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் இப்போது வந்த அதே கடற்பாதைதான். ஒவ்வொரு வருஷமும் அந்தத் திகதியில் தீவு அவர்களை நினைவுகூர்கிறது. ஐந்து நிமிஷம் அங்கே நில்லுங்கள். விபரம் தெரியும் வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அந்த இடத்தைப் பின்னணியாக வைத்துச் சிரித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம்.

வாகனம் பேசுவது எப்படி? நான்கைந்து பேருக்கு ஓட்டோ போதும். பெரிய குடும்பம் என்றால் வானோ பிக்கப்போ கிடைக்கும். பிள்ளைகளுக்கு லாண்ட்மாஸ்டர் என்னும் சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப்போகத்தான் ஆசை வரும். ஆனால் தீவின் உள்வீதிகளில் அது முதியவர்களின் இடுப்பை முறித்துவிடும். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் இளையவர்கள் எடுக்கலாம், நண்பகல் வெயிலில் வேண்டாம். விலை பேசும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசுங்கள்: எந்தெந்த இடம், காத்திருப்பு உட்பட மொத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் துறையில் கொண்டுவந்து விட வேண்டும். படகுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக என்று சொல்லுங்கள். சொன்ன தொகை நியாயமாகத் தெரிந்தால் மேலும் இழுக்காதீர்கள். எரிபொருளும் அதே படகில்தான் வர வேண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

சாப்பாட்டையும் அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். துறையடியில் சின்னக் கடைகள் உண்டு, பெரிய உணவகம் ஏதும் எதிர்பார்க்காதீர்கள். காலையிலேயே "இத்தனை பேர், இத்தனை மணி" என்று சொன்னால் சமைத்து வைப்பார்கள். சொல்லாமல் போய் நின்றால் பிஸ்கட்டும் சோடாவும்தான். ஓட்டோக்காரர் தெரிந்த வீடொன்றில் ஒழுங்கு செய்து தந்தால் ஓம் என்று சொல்லுங்கள். அன்று காலை வந்த மீனில் வைத்த குழம்பு, அதை எந்த ஹோட்டலிலும் வாங்க முடியாது.

தூரத்திலிருந்து துறைக்கு

எங்கள் முதல் பயணத்தில் வரிசையைத் தலைகீழாகப் போட்டோம். துறைக்கு அருகில் இருப்பவற்றை ஆறுதலாகப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்த குதிரையைக் கடைசிக்கு வைத்தோம். குதிரைகள் அன்று தீவின் தென்கோடியில் நின்றன. பார்த்துத் திரும்பினபோது நேரம் ஓடிவிட்டது. ஓட்டோ குலுங்கிக் குலுங்கித் துறைக்கு வந்து சேர்ந்தபோது படகின் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். எங்களைக் கண்டு கொஞ்சம் பொறுத்தார்கள். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு முதியவர் இருந்தார், அவருடைய நேரத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் எடுத்தோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதனால் முதலில் தூரத்துக்குப் போய்விடுங்கள். இறங்கியதும் நேரே தெற்குப் பக்கத் தரவைக்கு விடச் சொல்லுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் குதிரைகளும் திறந்த வெளியில் நிற்கும்.

இவை மட்டக்குதிரைகள், உயரத்தில் சின்னவை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்று சொல்வார்கள். ஒல்லாந்தர் இங்கே வளர்த்துப் பெருக்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி இந்தத் தீவை நிர்வகித்துக் குதிரை வளர்ப்பைக் கவனித்தார். பழைய குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போன பிறகு குதிரைகள் தம் பாட்டில் வாழப் பழகிவிட்டன. இப்போது அவை காட்டுக் குதிரைகள்தான். இவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை.

வாகனத்தைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி நடந்து போங்கள். குட்டியோடு நிற்கும் குதிரைக்கு அருகில் போகாதீர்கள். பின்பக்கமாக ஒருபோதும் போகக் கூடாது, உதைத்தால் எலும்பு முறியும். பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். பொலித்தீன் உறை ஒன்று காற்றில் பறந்துபோனால் அதைத் தின்னப் போவதும் அந்தக் குதிரைதான். நிலத்தில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். நாங்கள் அப்படி இருந்தபோது ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே தலையைக் கொடுத்து மறுபக்கத்தால் எங்களை எட்டிப் பார்த்தது. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அதே பக்கம் கடலோரத்தில், குவிந்தா கோபுரம் என்று சொல்லப்படும் பழைய கல்கோபுரம் ஒன்று உண்டு. முன்பு கப்பல்களுக்கு வழிகாட்டத் தீ மூட்டிய இடம் என்பார்கள். மேலே ஏறவோ சுவரில் சாயவோ வேண்டாம். நேரம் இருந்தால் மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடிபாடுகளையும் பார்க்கலாம். கல்லும் கதையும் பிடித்தவர்களுக்கு அது நல்ல இடம், சின்னப் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். பாறையில் பதிந்த பெரிய காலடித் தடம், வளர்ந்துகொண்டே இருப்பதாக நம்பப்படும் வளரும் கல் இரண்டும் வழியில் வரும். வளரும் கல்லைச் சனங்கள் கும்பிடுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

பெருக்கமரத்துக்கு, ஆங்கிலத்தில் பாவோபாப் என்பதற்கு, மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஆபிரிக்காவின் மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று நம்பப்படுகிறது. மன்னாரிலும் இந்த மரம் உண்டு. நெடுந்தீவு மரத்தின் அடியில் ஒரு பொந்து இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் ஒரு சின்ன அறை மாதிரி, பெரியவர்கள் சிலர் சேர்ந்து நிற்கலாம். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். சுவரைத் தடவினால் மரம் மாதிரியே இராது, யானைத்தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பொந்துக்குள் பெயர் செதுக்கினவர்கள் பலர். உங்கள் பிள்ளை கல்லை எடுத்தால் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.

வழி நெடுகக் கல்வேலிகளைப் பார்ப்பீர்கள். இந்தத் தீவில் நான் மிகவும் விரும்புவது அவற்றைத்தான். சாந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கி, இடுப்பளவும் நெஞ்சளவும் உயர்த்தியிருக்கிறார்கள். காற்று அதன் இடுக்குகளால் புகுந்து போகும், வேலி நிற்கும். ஓட்டோவை ஓரிடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை வேலிக்குக் கிட்டக் கூட்டிப் போங்கள். ஒரு கல்லில் நெளிநெளியான வரிகள், மூளையின் மடிப்பு மாதிரி. இன்னொன்றில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். எல்லாம் ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவை. என் மகன் ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, கையில் பதிந்த நட்சத்திரங்களை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். கல்லை உருவி எடுக்கவோ வீட்டுக்குக் கொண்டுவரவோ வேண்டாம். அது யாரோ ஒருவருடைய வளவு வேலி, ஒரு கல் போனால் மேலே இருப்பது சரியும்.

துறைப் பக்கம் திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடுகள். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இதையும் எடுத்துக்கொண்டார்கள். சுவர்கள் தளர்ந்திருக்கின்றன, உள்ளே பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் இந்தச் சுற்றில்தான். தூண் மாதிரியான கல் கட்டடத்தில் வரிசையாக மாடங்கள், தூதுப் புறாக்கள் தங்கினவை. கைப்பேசியில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

குளிக்க ஆசை இருந்தால் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் போதும். எங்கே இறங்கலாம் என்று ஓட்டோக்காரரைக் கேட்டு, அவர் காட்டும் மணற்பாங்கான இடத்தில் மட்டும் இறங்குங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆழம் குறைவு. செருப்போடே இறங்க வேண்டும். ஒரு பெரியவர் குளிக்காமல் கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

திரும்பும் படகு

சாப்பிட்டு முடிந்ததும் நேரே துறைக்கு வந்துவிடுங்கள். பனங்கட்டியோ ஒடியலோ கிடைத்தால் வாங்குங்கள், அந்தக் காசு தீவிலேயே நிற்கும். கொண்டுபோன போத்தல்கள், உறைகள், பம்பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். குப்பையை ஏற்றி அனுப்ப அந்தத் தீவிடம் தனியாக ஒரு படகு இல்லை.

பிற்பகலில் காற்று பலக்கும், காலையை விட ஆட்டம் கூடுதலாக இருக்கும். சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான். பிள்ளைகள் களைத்து நித்திரையாகிவிடுவார்கள். அங்கியைக் கழற்றாமலே மடியில் படுக்க விடுங்கள்.

ஒருவேளை படகு ஓடவில்லை என்று சொல்லிவிட்டால், தனிப்படகு பிடித்தாவது போய்விட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கடலைத் தெரிந்தவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தீவில் தங்க வைக்கும் வீடுகள் உண்டு, காலையில் ஓட்டோ ஓட்டினவரையே கேளுங்கள், இடம் பிடித்துத் தருவார். இரண்டு நாள் மருந்து எடுத்துவரச் சொன்னது இதற்குத்தான்.

குறிகட்டுவானில் இறங்கியதும் கூட்டம் முழுக்க பஸ்ஸை நோக்கி ஓடும். வான் பேசியிருந்தால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. பிள்ளைகளின் உப்புப் படிந்த முகத்தை மிச்சத் தண்ணீரால் கழுவிவிட்டு, துறைக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆறுதலாக வெளிக்கிடுங்கள். தாம்போதியைக் கடக்கும்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் விழித்திருந்தால் பின்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள்.